அண்ணன் கையால் கலக்கிய மருந்து

எங்கள் வீட்டில் வலிப்பு என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. அம்மா போட்ட சட்டம் அது. மயக்கம் என்று சொல்லலாம், கிறுகிறுப்பு என்று சொல்லலாம், பித்தம் தலைக்கேறிவிட்டது என்றுகூடச் சொல்லலாம். அந்த ஒரு சொல் மட்டும் வாயில் வந்துவிடக் கூடாது. எனக்கு வாய் நீளம் என்று தெருவுக்கே தெரியும் என்பதால் அம்மாவின் கண் எப்போதும் என் மேல்தான் இருக்கும். வலிப்பு வந்தது எனக்கில்லை, என் அண்ணனுக்கு. மறைத்தது எனக்காக, என் கல்யாணத்துக்காக. இதை இப்போது எழுதும்போதும் எனக்கு ஆத்திரம்தான் முதலில் வருகிறது, அழுகை அதற்குப் பிறகுதான்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் மதுரை வில்லாபுரத்தில் குடியிருந்தோம். அம்மா, அண்ணன், நான். நான் விவரம் தெரியாத பிள்ளையாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். அண்ணன் டவுனில் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தான். பூச்சிமருந்து என்றதும் பருத்திக் காட்டுக்கு அடிப்பது என்று நினைத்துவிடாதீர்கள். இது வீட்டுக்கு அடிப்பது. மூட்டைப்பூச்சி, கரப்பான், எல்லாவற்றுக்கும் மேலாகக் கரையான். அப்போது மதுரைக்குத் தெற்கே வயலாகக் கிடந்த நிலமெல்லாம் மனையாகிக்கொண்டிருந்தது. வீடு வந்துவிட்டால் கரையான் ஊரைவிட்டுப் போய்விடுமா? அதுவும் அங்கேயே குடியிருந்தது. புதுமனை புகுந்த ஈரம் காய்வதற்குள் தேக்கு நிலையைத் தட்டிப் பார்த்தால் உள்ளே வெறும் மண்ணாக இருக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் அஸ்திவாரக் குழி தோண்டும்போதே மண்ணுக்கு மருந்து ஊற்றச் சொல்லிவிடுவார்கள்.

அந்த மருந்தைக் கலக்குவது அண்ணன் வேலை. தகர டின்னிலிருந்து ஊற்றும்போது மண்ணெண்ணெய் வாடையோடு எண்ணெய் மாதிரி இறங்கும். டிரம்மில் இருக்கும் தண்ணீரில் விழுந்ததும் பால் மாதிரி வெளுத்துவிடும். சரியாகக் கலக்காவிட்டால் பிரிந்து நிற்கும், மண்ணில் ஒரு பக்கம் மருந்தும் ஒரு பக்கம் வெறும் தண்ணீருமாகப் போகும். கலக்குவதற்கு நீளமான கம்பு ஒன்றும், முழங்கைவரை வரும் ரப்பர் உறையும் கம்பெனியில் கொடுத்திருந்தார்கள். என் அண்ணன் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, வெறுங்கையை விட்டுக் கலக்குவான்.

"இட்லி மாவக் கரண்டியப் போட்டுக் கரைச்சா பொங்குமா? கைச்சூடு படணும்ல. அப்படித்தான் இதுவும்" என்பான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை அது. ஒருத்தி கரைத்த மாவு பொங்கி வழியும், இன்னொருத்தி கரைத்தது கல் மாதிரி கிடக்கும். ஒருவர் கையால் நட்ட வாழை குலை தள்ளும். கைராசி என்பார்கள். அண்ணன் கலக்கி ஊற்றிய வீடுகளில் கரையான் திரும்ப வரவில்லை என்று யாரோ ஒரு கொத்தனார் கிளப்பிவிட, அது மேஸ்திரிகளிடம் பரவிவிட்டது. கம்பெனிக்குப் போனால், "அந்தக் கைராசிக்காரத் தம்பிய அனுப்புங்க" என்று கேட்டு வாங்கிப் போவார்கள். ஒரு தடவை அவன் உறையைப் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்த மேஸ்திரி ஒருவர், "என்னப்பா இது, ராசியெல்லாம் ரப்பருக்குள்ள மாட்டிக்கிரும், கழட்டு கழட்டு" என்றாராம். அதைப் பெருமையாக வீட்டில் வந்து சொன்னான். அம்மாவுக்கு முகமெல்லாம் பல். உப்பு மிளகாய் எடுத்து அவன் கையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மருந்து வாடை அடிக்கும் அந்தக் கைக்குத் திருஷ்டி கழித்தாள்.

அவனோடு கூட வேலை பார்த்தவர் ஒருவர் இருந்தார். சமயநல்லூர்க்காரர், அண்ணனைவிட மூத்தவர். நானும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். இங்கே குழப்பம் வேண்டாம் என்று சமயநல்லூரார் என்றே சொல்கிறேன். அவர் உறை போடாமல் டின்னைத் தொட மாட்டார். வேலைச் சட்டையைத் தனியாக வைத்திருப்பார், சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவாமல் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க மாட்டார். அண்ணனுக்கு அவரைக் கேலி செய்யாவிட்டால் பொழுது போகாது.

"வாங்க புதுப்பொண்ணு, மருதாணி கலைஞ்சுறாம வாங்க" என்பான்.

"சிரி மாப்ள, நல்லாச் சிரி. மருந்துக்கு நீயும் ஒண்ணுதான், கரையானும் ஒண்ணுதான்" என்பார் அவர்.

எங்கள் வீட்டு வாசலில் நின்றே இருவரும் இப்படிப் பேசிச் சிரித்ததை நான் கேட்டிருக்கிறேன். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அப்புறம் அண்ணனுக்குத் தூக்கத்தில் கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. தலைவலி என்று துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வான். கோபமே வராத மனுஷன், சோறு சூடாக இருக்கிறது என்பதற்கெல்லாம் தட்டைத் தள்ளிவிட்டான். அம்மா அதை வெயில் சூடு என்றாள், வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். கண் மேலே செருகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பு முழுக்கத் தூக்கித் தூக்கிப் போட்டது, கடைவாயில் நுரை. நான் கத்திக்கொண்டு ஓடி அவன் தலையைத் தாங்கிப் பிடித்தேன். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஆனால் அம்மா முதலில் சாவிக்கொத்தைத் தேடவில்லை. ஓடிப்போய்த் தெருக்கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு ஜன்னலைச் சாத்தினாள். அதற்கும் பிறகுதான் சாவியை எடுத்து வந்து அவன் கைக்குள் திணித்தாள். எல்லாம் அடங்கி அவன் கண் திறந்து, "என்னாச்சு, எதுக்கு அழுகுறீக?" என்று கேட்டான். அவனுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

அம்மா ஏன் கதவைச் சாத்தினாள் என்று எனக்குக் கேட்காமலே புரிந்தது. அவனியாபுரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நல்ல குடும்பம், கொஞ்சம் நிலபுலம் உண்டு, மாப்பிள்ளைக்கு மில்லில் வேலை. அண்ணனுக்கு வலிப்பு என்று தெரிந்தால் வாசல்வரைகூட வர மாட்டார்கள். அந்த வீட்டு ரத்தத்திலேயே இருக்கிறது, நாளைக்குப் பிள்ளைக்கும் வரும் என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணும்பாக. நான் பொய்கூடச் சொல்லல. சொல்லாம இருக்கேன், அம்புட்டுத்தான்" என்றாள் அம்மா.

"அண்ணன் உசுரவிடக் கல்யாணம் பெருசாம்மா?" என்று சண்டைக்குப் போனேன்.

அண்ணன்தான் என்னை அடக்கினான். "சும்மா கெட. மயக்கத்துக்கெல்லாம் யாரும் செத்துற மாட்டாக" என்றான்.

டாக்டரிடம் போனோம், எங்கள் பக்கத்து டாக்டரிடம் இல்லை. தெரிந்தவர் யாரும் கண்ணில் படாத தூரத்தில், வைகைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவரிடம். அவர் நல்ல மனுஷன்தான். எப்படி மயக்கம் வந்தது என்று கேட்டார். "வெயில்ல அலைஞ்சுட்டு வந்து படுத்துட்டான் சார்" என்றாள் அம்மா. என்ன வேலை என்று கேட்டார். "கம்பெனி வேலைங்க" என்றாள். நான் வாயைத் திறந்தேன், தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. சதை பிய்ந்துவிடும்போல வலித்தது. அவரும் பாவம், கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் கம்மி என்று டானிக் எழுதிக் கொடுத்தார். நோயைச் சொல்லாமல் மருந்து வாங்கிய ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

மழைக்காலம் வருவதற்குள் இன்னும் சில தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்தினோம். அவனியாபுரத்துக்காரர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்துவிட்டது, வெற்றிலை பாக்கு மாற்றினோம். அம்மா முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்துகொண்டாள். ஐப்பசி மழையில் குழி தோண்டுகிற வேலை எல்லாம் நின்றுபோனது. அண்ணன் வீட்டில் இருந்தான். இழுப்பு நின்றது, தலைவலி நின்றது, முகத்தில் சதை பிடித்தது. முனியாண்டி கண் திறந்துவிட்டார் என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேலை நின்றதும் வலிப்பும் நின்றது என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. சேவலை அறுத்துக் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம்.

தை மாதம் கல்யாணம். பெண்ணின் அண்ணன்தான் மாப்பிள்ளையின் காலைக் கழுவிவிட வேண்டும். செம்பைச் சாய்க்கும்போது அண்ணன் கை நடுங்கித் தண்ணீர் சிதறியது. தங்கச்சியைப் பிரிகிறோமே என்று நடுங்குகிறது என்று கூட்டத்தில் சிரித்தார்கள். அவன் அழுதுகொண்டிருந்ததும் உண்மைதான். அடுத்தது உனக்குத்தான் கல்யாணம் என்று எல்லோரும் அவன் தோளைத் தட்டினார்கள். எனக்கு முடிக்காமல் தான் செய்துகொள்ள மாட்டேன் என்று அவ்வளவு நாள் தள்ளிப்போட்டிருந்தான்.

அவனியாபுரத்தில் என் வீட்டுக்காரரும் மாமியாரும் மட்டும்தான். மாமனார் இல்லை. மாமியார் கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. பழைய ஓட்டு வீட்டுக்குப் பின்னால் காலி இடத்தில் புது வீடு கட்டத் தீர்மானித்து, சித்திரையில் குழி தோண்டினார்கள்.

"உங்கண்ணன் கைராசி பத்தி இங்க மேஸ்திரியே சொல்றாரு. நம்ம வீட்டுக்கு அதுதான் வந்து ஊத்தணும்" என்றார் மாமியார்.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. சமயநல்லூராரோடு காலையிலேயே வந்து இறங்கிவிட்டான். அண்ணன் இளைத்துப்போயிருந்தான். கழுத்து எலும்பு தெரிந்தது. மழைக்குப் பிறகு மறுபடி வேலை சூடு பிடித்திருந்தது என்று பார்த்தவுடன் தெரிந்தது.

அண்ணன் குழிப்பக்கம் டிரம்மை உருட்டிக்கொண்டிருக்கும்போது, சமயநல்லூரார் தண்ணீர் கேட்டு அடுப்படி வாசலுக்கு வந்தார். செம்பை வாங்கிக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"ஆத்தா, ஒண்ணு கேப்பேன், மறைக்காமச் சொல்லணும். அவனுக்கு வீட்டுல வலிப்பு வந்திருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. போன வாரம் வேலையில வச்சு என் கண்ணு முன்னாடியே வந்துச்சு. வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். மெட்ராஸ்ல இருந்து வந்த ஆபீசரு எங்களையெல்லாம் உக்கார வச்சுச் சொன்னாருத்தா, இந்த மருந்து தோலு வழியாவே உள்ள ஏறுமாம், ஏற ஏற வலிப்பு வருமாம். அவனுக்கு இது ரத்தத்துல வந்ததுல்ல. அந்த டிரம்முல இருந்து வந்தது. நான் சொன்னா கைராசி கைராசிங்கறான். நீ சொல்லு, நீ சொன்னாக் கேப்பான்."

அவர் பேசி முடித்தாரா என்றுகூடத் தெரியாது, நான் பின்கட்டுக்கு ஓடினேன். அண்ணன் அதற்குள் மருந்தை ஊற்றிவிட்டான், தண்ணீர் வெளுத்துவிட்டது. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தான். மாமியாரும் என் வீட்டுக்காரரும் மேஸ்திரியும் சுற்றி நின்றார்கள்.

"அண்ணே, உறையப் போடு" என்றேன்.

"ஏண்டி?"

"போடுன்னாப் போடு. கம்பு இருக்குல்ல, அதால கலக்கு."

"பாருங்க, மருமக வந்த வீட்டுல அண்ணனுக்கே உத்தரவு போடுறா" என்று மாமியார் சிரித்தார். மேஸ்திரியும் சிரித்தார். அண்ணனும் சிரித்துக்கொண்டே, "தங்கச்சி வீட்டுக்கு உறையப் போட்டுக் கலக்குனா ஊரு சிரிக்கும்" என்று சொல்லிக் குனிந்தான். விரல் நுனி மருந்தைத் தொட்டது. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அதுலதாண்ணே உனக்கு வலிப்பு வருது!"

கத்திவிட்டேன். யார் நிற்கிறார்கள், எங்கே நிற்கிறேன் என்று பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் சொல்லக் கூடாத சொல் என் மாமியார் முன்னால் விழுந்துவிட்டது. அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான், பிறகு மாமியாரைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த ஒரு நொடியில் அவன் என்ன கணக்குப் போட்டான் என்று எனக்குத் தெரியும். தன்னைப் பற்றி அதில் ஒன்றுமே இருந்திருக்காது.

"வலிப்பா? எனக்கா?" என்று பெரிதாகச் சிரித்தான். "சின்னப்புள்ளையில காச்சல்ல ஒருக்காக் கண்ணு செருகுச்சுன்னு அம்மா கதை சொல்லும். அதப் பிடிச்சுக்கிட்டு இவ இன்னைக்குவரைக்கும் என்னய ஓட்டுறா. அத்தே, நீங்க இவ பேச்சக் கேக்காதீக. இந்தா பாருங்க."

இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேல்வரை உள்ளே விட்டான். எப்போதும் ஒரு கையால் கலக்குகிறவன், எனக்கு ஒன்றுமில்லை என்று என் மாமியாருக்குக் காட்டுவதற்காக இரண்டு கையாலும் கலக்கினான். சமயநல்லூரார் அடுப்படி வாசலிலேயே தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாமியார் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போய்விட்டார். என்னை இன்றைக்கே பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அனுப்பட்டும், அண்ணன் கையை வெளியே எடுத்தால் போதும் என்றும் நினைத்தேன்.

வேலை முடிந்து கிளம்பும்போது தனியாகப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்குக் கூறு இருக்கா? வாக்கப்பட்ட வீட்டுல நின்னு இப்படியா கத்துவ? நாளைக்கு உன்னய வாழவிடுவாகளா?" என்றான். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"நீ செத்துப் போயிருவண்ணே."

"அட லூசு. சரி, உன் வீடு முடிஞ்சிருச்சு. இனிமே உறையப் போட்டுக்கிறேன், போதுமா? உன் மேல சத்தியம்."

என் தலையில் கைவைத்தான். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு, "வாரேன்த்தா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பியவன் கண்மாய்க் கரையில் போகும்போது சைக்கிளோடு சரிந்துவிட்டான். கோடைக் கண்மாயில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் கிடையாது. குப்புற விழுந்து கிடந்தவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. மாடு குளிப்பாட்ட வந்தவர்கள் தூக்கிப் பார்க்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. நான் போய் இறங்கியபோது அம்மா தெருவில் வந்த ஒவ்வொருவரிடமும், "சைக்கிள் சறுக்கிருச்சு, சைக்கிள் சறுக்கிருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மகனைத் தூக்கிக் கொடுத்த பிறகும் அந்தச் சொல் அவள் வாயில் வரவில்லை. எனக்கு அவளை அடிக்க வேண்டும்போல இருந்தது. கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பல வருஷம் கழித்து, அந்த மருந்தையே தடை பண்ணிவிட்டார்கள் என்று சமயநல்லூரார் வந்து சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அதைக் கேட்டுச் சந்தோஷப்படவும் தெரியவில்லை.

அண்ணன் காரியம் முடிந்த அன்று மத்தியானம், வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள். நான் வில்லாபுரம் வீட்டுப் பின்வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கு நான் கத்தியது பற்றி அதுவரை அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை. இப்போது கேட்கத்தான் போகிறார், கேட்கட்டும், எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம் என்று இருந்தேன். அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்கண்ணனுக்கு இருந்தது வலிப்புத்தானம்மா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நீ கத்துனப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்தப் பய உனக்காகத்தான் மறைக்கிறான்னும் தெரிஞ்சுச்சு." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "உன் மாமனாருக்கும் இருந்துச்சும்மா. வயக்காட்டுல மம்பட்டியோட விழுந்து கெடப்பாரு. உங்க வீட்டுக்குத் தெரிஞ்சாப் பொண்ணு தர மாட்டாகன்னு நாங்களும் மறச்சுத்தான் உன்னயக் கட்டிக்கிட்டு வந்தோம். நாங்களே மறச்சவுக, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அன்னைக்கு வாயத் தொறக்குறது?"

எனக்குக் கண்ணீர் வரவில்லை. அவர் மடியில் கிடந்த என் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"அத்தே, இத அன்னைக்குச் சொல்லியிருந்தா எங்கண்ணன் கையக் கழுவிட்டு எந்திரிச்சிருக்கும்ல?"

அவர் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.